இரண்டு பொட்டு வைத்த ஸ்டீரிங்

போன வாரம் மதகடிப்பட்டிலிருந்து ஒரு போன். பாகூர் பட்டறையில் என்னோடு வேலை பார்த்துவிட்டு இப்போது அங்கே தனியாக ஷெட் போட்டிருக்கும் சேகர் பேசினான்.

"அண்ணே, ஒரு வண்டிக்கு ஸ்டீரிங் பாக்ஸ் புதுசா மாத்துனேன். பவர் ஸ்டீரிங்கு. மாத்துனதுல இருந்து டைட்டா இருக்குது. ஏர் எடுத்துட்டேன், பம்ப கழட்டிப் பாத்துட்டேன், ஒண்ணும் புரியல. இன்னா பண்றது?"

"ஓட்டுறது யாரு? அவங்க இன்னா சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அவங்க சொல்றத வுடுண்ணே. நீ சொல்லு."

"நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. அவங்கள சீட்டுல உக்கார வெச்சி கேளு. கேட்டுட்டு போன் பண்ணு" என்று வைத்துவிட்டேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி, "புள்ள பாவம், எதுக்கு இப்படி வெடுக்குனு பேசுற?" என்றாள். வெடுக்கென்று பேசவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழக எனக்கு முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று. பழகிய கதை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அன்று எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நான் தொழில் பழகியது வில்லியனூரில், ஒரு லாரிப் பட்டறையில். ஆறு வருஷம் கிரீஸும் டீசலும்தான் படிப்பு. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அந்தக் காலத்து லாரி ஸ்டீரிங் எல்லாம் மனிதன் தோளைக் கேட்கும். கரும்பு லோடு ஏற்றிய வண்டியை நின்ற இடத்தில் ஒடித்துத் திருப்புவதற்கு டிரைவர் சீட்டிலிருந்து எழுந்து நின்று தொங்குவான். வண்டியை ரிப்பேர் பார்த்து ஓட்டிப் பார்த்தே எனக்கும் கை இரண்டும் உலக்கை மாதிரி ஆகிவிட்டது. அதில் எனக்கு ரொம்பப் பெருமை. சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டுதான் கல்யாண வீட்டுக்கே போவேன்.

பிறகு பாகூர் பட்டறைக்கு வந்தேன். அங்கே தலைமை மெக்கானிக், மேஸ்திரி ரத்தினவேலு. என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஒல்லி மனிதர், எப்போதும் வெள்ளை வேட்டி, அதில் ஒரு சொட்டு ஆயில் பட்டு யாரும் பார்த்ததில்லை. அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. மனிதர்களை ஒரு நாளும் திட்டமாட்டார், பாகங்களைத்தான் திட்டுவார். கழன்று வராத நட்டைப் பார்த்து, "இன்னாடா, மாமியார் வூட்டுக்கு வந்தவன் மாதிரி உக்காந்துகினு இருக்க?" என்பார். ஒழுகும் சீலைப் பார்த்து, "வெக்கமா இல்ல உனக்கு?" என்பார். நாங்கள் ஏதாவது தப்புச் செய்தாலும் எங்களைப் பார்க்காமல் அந்தப் பாகத்தைப் பார்த்தே ஐந்து நிமிடம் திட்டுவார். பக்கத்தில் நிற்கிறவனுக்குக் காது சிவந்துவிடும்.

பவர் ஸ்டீரிங் எங்கள் பக்கம் வந்த புதிதில் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். திருக்கனூர்க்காரர் ஒருவர் புது லாரி வாங்கி ஒரே வாரத்தில் பட்டறைக்குக் கொண்டுவந்தார். "மேஸ்திரி, ஸ்டீரிங் ரொம்ப லேசா இருக்குது. வண்டி எனக்கு அடங்க மாட்டேங்குது. கொஞ்சம் டைட் பண்ணிக் குடுங்க" என்றார். மேஸ்திரி மூச்சுவிடாமல் அரை நாள் வண்டிக்கு அடியில் படுத்திருந்து, ஒன்றுமே செய்யாமல் எழுந்து வந்து, "பாத்தாச்சிங்க, இப்ப ஓட்டுங்க" என்றார். திருக்கனூர்க்காரர் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, "ஆங், இப்பதான் சரியா இருக்குது" என்று சந்தோஷமாகப் போனார்.

அந்தப் புது ஸ்டீரிங்கை நாங்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டோம். ஸ்டீரிங் கம்பிக்கு அடியில் இருந்து சக்கரத்தைத் திருப்பும் அந்தப் பாக்ஸை மாற்றினால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும், அதை எடுக்க வேண்டும். முன்சக்கரம் இரண்டையும் ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டை முட்டுக் கொடுத்து, எஞ்சினை ஓடவிடாமல் ஸ்டீரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகச் சுற்ற வேண்டும். டப்பாவில் ஆயில் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நுரை அடங்கிய பிறகுதான் சாவியைத் தொடலாம். கோடியில் கொண்டுபோய் ஐந்து எண்ணுவதற்கு மேல் பிடித்து வைத்தால் பம்ப் கத்தும். இதையெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். செய்துவிட்டு நானே ஓட்டிப் பார்த்து, நானே சரி என்று சொல்லிவிடுவேன். ஓட்டுகிறவரைக் கேட்கும் பழக்கம் கிடையாது.

இந்த நிலையில்தான் பனித்திட்டு மினி லாரி வந்தது. நான் ஓய்வு பெறுவதற்கு நாலைந்து வருஷம் முன்னால்.

பனித்திட்டில் மீன் விற்கும் பெண்கள் பதினோரு பேர் சேர்ந்து பழைய மினி லாரி ஒன்றை வாங்கியிருந்தார்கள். பஸ்ஸில் கூடையை ஏற்றினால் பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்துவார், கண்டக்டர் கத்துவார். அந்தப் பேச்சே வேண்டாம் என்று வாங்கிய வண்டி. கூட்டத்துக்குத் தலைவி பூங்காவனம்மா. அவர் குரல் கொடுத்தால் கடலில் இருக்கும் படகு திரும்பிப் பார்க்கும். ஓட்டுவது தேவகி, அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி. ஐந்தடி இருந்தால் அதிகம். லைசென்ஸ் எடுத்து, மற்ற பத்துப் பேரையும் மீனையும் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். பூங்காவனம்மாவின் தம்பி ஏழுமலைக்கு அந்த டிரைவர் சீட்டின்மேல் கண். "பொம்பளைக்கு எதுக்கு லாரி?" என்று போகிற வருகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பாக்ஸ் தேய்ந்துபோயிருந்தது. ஸ்டீரிங்கைக் கால் சுற்றுச் சுற்றினாலும் சக்கரம் அசையாது. அதற்கு மேலே போகும் ஆயில் ஹோஸும் கசிந்துகொண்டிருந்தது. மேஸ்திரி அப்போது மகள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவு. பட்டறைக்கு நான்தான் ராஜா. பாக்ஸையும் ஹோஸையும் மாற்றினேன். காற்றெடுத்தேன். ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். ஒற்றை விரலில் திரும்பியது.

பெரிய வேலை முடிந்த வண்டியை அழுக்கோடு அனுப்புவது எங்கள் பட்டறையில் வழக்கமில்லை. மண்ணெண்ணெய் அடித்து, வாட்டர் சர்வீஸில் விட்டு, சந்து பொந்தெல்லாம் பிரஷரில் அடித்து, வண்டியைப் புதுப்பெண்ணாக ஆக்கினோம். மஞ்சள், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பூங்காவனம்மா காலண்டரைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு அஷ்டமி, மறுநாள் நவமி. இன்னிக்கே ஊர்ல கொண்டாந்து நிறுத்திடு தேவகி. ரெண்டு நாளைக்கு யாரும் சாவியத் தொடக் கூடாது" என்றார். வண்டி கடற்கரையில், கடலைப் பார்த்தபடி இரண்டு நாள் நின்றது.

மூன்றாம் நாள் தேவகி வண்டியோடு பட்டறையில் நின்றாள். முகமெல்லாம் வேர்வை.

"அண்ணே, ஸ்டீரிங் புடிக்குது."

உட்கார்ந்து சுற்றினேன். கொஞ்சம் கனம்தான். காற்று மிச்சம் இருக்கும் என்று திரும்ப எடுத்தேன், ஓட்டினேன், சரியாகத்தான் தெரிந்தது. மறுநாளும் வந்தாள்.

"அண்ணே, எல்லா எடத்துலயும் இல்ல. ரெண்டு எடத்துலதான் புடிக்குது. மீதி லேசா வருது."

"ஸ்டீரிங்னா முழுசா டைட்டா இருக்கும், இல்லன்னா முழுசா லேசா இருக்கும். உட்டு உட்டுப் புடிக்க அது இன்னா வயித்து வலியா?" என்றேன். ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனாலும் மனசு கேட்காமல் பாக்ஸை இறக்கினேன். மூடியைத் திறந்து, அட்ஜஸ்ட் பண்ணி, திரும்ப ஏற்றினேன். இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை இறக்கி ஏற்றினேன். சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு நான் சுற்றும்போது ஒவ்வொரு தடவையும் நன்றாகத்தான் சுற்றியது. கடைசியில் பூங்காவனம்மாவே வந்துவிட்டார். கூடவே ஏழுமலை. ஒரு வாரமாக வண்டி பாதி நாள் ஓடவில்லை, வாங்கிய மீன் ஐஸில் கிடக்கிறது, பதினோரு குடும்பம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"இன்னாதான்பா கோளாறு?" என்றார்.

நான் சொன்னேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வண்டியில ஒண்ணும் இல்லம்மா. அந்தப் பொண்ணுக்குக் கையில தெம்பு பத்தல."

ஏழுமலைக்கு அது போதும். "நான் மொதல்லயே சொன்னேன்ல? வெள்ளிக்கெழமை காலைல கரையில எல்லாரும் கூடிப் பேசிடலாங்கா. சாவிய நான் வாங்கிக்கறேன்" என்றான். பூங்காவனம்மா பாதி மனசாகத் தலையை ஆட்டினார்.

தேவகி அழவில்லை. சண்டையும் போடவில்லை. என்னிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "அண்ணே, வண்டி வாங்குன நாள்ல இருந்து நான்தானே ஓட்டுறேன். அப்ப இருந்த தெம்பு இப்ப எங்க போச்சி?"

"போம்மா, போயி வேளா வேளைக்கி சாப்புடு" என்றேன். இதை எழுதும்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது.

வியாழக்கிழமை காலையில் மேஸ்திரி கல்யாண லட்டுப் பொட்டலங்களோடு வந்து சேர்ந்தார். ஒவ்வொருவருக்கும் லட்டுக் கொடுத்து, சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே, பத்து நாள் வேலையையும் விசாரித்தார். பனித்திட்டு வண்டியைப் பற்றிச் சொன்னேன். "அந்தப் பொண்ண வண்டியோட வரச் சொல்லு" என்றார்.

தேவகி வந்தாள். வழக்கமாக மேஸ்திரி வண்டிக்கு அடியில்தான் முதலில் பார்ப்பார். அன்று கேபின் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஸ்டீரிங் வளையத்தில் இரண்டு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

"இது இன்னாம்மா?"

"புடிக்கற எடம் மேஸ்திரி. சொன்னா யாரும் நம்பல. அதான் புடிக்கும்போதெல்லாம் எந்த எடம் மேல வருதுன்னு பாத்து ஒட்டி வெச்சேன். எத்தன சுத்து சுத்துனாலும் அதே ரெண்டு எடந்தான்."

மேஸ்திரி கட்டைவிரலை ஒரு பொட்டிலும் சுண்டுவிரலை இன்னொரு பொட்டிலும் வைக்கப் பார்த்தார். எட்டவில்லை. வேட்டி ஓரத்தில் ஒரு நூலை உருவி, ஒரு பொட்டிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் பிடித்தார். நூல் வளையத்தின் சரியான நடுவில் போனது. நூலைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினார்.

"கோயிந்தா," என்றார், "பாக்ஸ்ல கோளாறுன்னா இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குப் போறதுக்குள்ள எங்கியாவது ஒரு எடத்துல புடிக்கும். சுத்துக்கு ரெண்டு தடவ, நேர் எதிரா புடிக்குமா?"

பிடிக்காது. அப்படிப் பிடிக்கக் கூடியது ஒன்றே ஒன்று. ஸ்டீரிங் கம்பி பாக்ஸில் வந்து சேரும் இடத்தில், சாய்வாகத் திரும்புவதற்காகச் சிலுவை மாதிரி ஒரு மூட்டு இருக்கும். நாங்கள் கிராஸ் என்போம். அது இறுகிப்போனால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை முரண்டு பிடிக்கும்.

மேஸ்திரி அவசரப்படவில்லை. முதலில் முன்சக்கரத்தைத் தூக்கச் சொன்னார். தேவகியையே சுற்றச் சொன்னார். பொட்டு மேலே வந்ததும் அவள் "இங்க" என்றாள். இன்னொரு பொட்டு வந்தது. "இங்க." அடுத்து, பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியைக் கழற்றச் சொன்னார். மறுபடி சுற்றினாள். "இங்க. இங்க." சக்கரத்தின் மேல் குற்றம் இல்லை. கடைசியாகக் கிராஸைப் பாக்ஸிலிருந்து உருவினோம். பாக்ஸின் தண்டை மேஸ்திரி இரண்டு விரலால் திருப்பினார், வெண்ணெய் மாதிரி திரும்பியது. கிராஸைக் கையில் பிடித்து மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. வைத்த கோணத்திலேயே நின்றது. ஓரமெல்லாம் செம்மண் நிறத்தில் துரு.

நான் இரண்டு தடவை இறக்கி ஏற்றிய பாக்ஸ் ஒரு பாவமும் அறியாதது. இரண்டு தடவையும் இந்தக் கிராஸை நானே கழற்றி, ஓரமாகத் தள்ளி, திரும்ப மாட்டியிருக்கிறேன். மடக்கிப் பார்க்கவில்லை. என் உலக்கைக் கை அந்த இரண்டு இடத்தையும் தெரியாமலேயே தாண்டிக்கொண்டு போயிருக்கிறது. தேவகியின் கை தாண்டவில்லை, நின்று சொன்னது.

மேஸ்திரி கிராஸைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "ஏண்டா பாவி, நீதானா? வாயத் தொறந்து சொன்னாக்கா கேட்டுக்கணும்னு தெரியாது? ஒரு பொண்ணு வந்து வந்து சொல்லுதே, காது இன்னா வாடகைக்கு வுட்டுட்டியா? பெரிய பயில்வான் நீ!" என்று ஐந்து நிமிஷம் விடாமல் கொடுத்தார். கிராஸ் பேசாமல் இருந்தது. நானும் பேசாமல் இருந்தேன். தேவகி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கடைசியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பாக்ஸ் மாற்றிய பிறகு கிராஸ் ஏன் இறுகியது என்பதுதான் அடுத்த கேள்வி. மேஸ்திரி கேபினுக்குள் தலையைவிட்டு மோந்து பார்த்தார். "இங்க யாரு கூடை வெக்கறாங்க?"

"பூங்காவனக்கா. அவங்க கூடைய மட்டும் பின்னாடி வெக்க மாட்டாங்க. காலடியிலதான்."

உப்புத் தண்ணீர் கூடையிலிருந்து கேபின் தரையில் வழிந்து, கம்பி இறங்கும் ஓட்டை வழியாக நேராகக் கிராஸ் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அப்படியும் அத்தனை மாதம் அது கெடாமல் இருந்ததற்குக் காரணம், மேலே கசிந்துகொண்டிருந்த பழைய ஹோஸ். உப்பு ஒரு பக்கம் சொட்ட, ஆயில் ஒரு பக்கம் சொட்டி அதைக் காப்பாற்றியிருக்கிறது. நான் கசிவை நிறுத்தினேன். போதாததற்கு மண்ணெண்ணெய் அடித்து, வாட்டர் சர்வீஸ் விட்டு, இருந்த பிசுக்கையும் வழித்து எடுத்தேன். பிறகு அஷ்டமி, நவமி என்று இரண்டு நாள் கடல் காற்றில் நின்றது. இதைவிட அழகாக ஒரு கிராஸை யாராலும் துருப்பிடிக்க வைக்க முடியாது.

புதுக் கிராஸ் வாங்கி, கிரீஸ் அடைத்து, தரை ஓட்டைக்கு ரப்பர் மூடி போட்டு, மத்தியானத்துக்குள் முடித்தோம். சரியா என்று நான் உட்கார்ந்து பார்க்கவில்லை. தேவகி உட்கார்ந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சுற்றினாள். சுற்றிவிட்டு இரண்டு பொட்டையும் பிய்த்து வெளியே எறிந்தாள்.

அவள் போன பிறகு மேஸ்திரி கை கழுவிக்கொண்டே சொன்னார். "ரிப்பேர் பாதிதான் ஆயிருக்கு கோயிந்தா. மீதி பனித்திட்டுல இருக்குது."

"நீங்க ஒரு போன் பண்ணிச் சொன்னீங்கன்னா…" என்று இழுத்தேன்.

"நானா சொன்னேன், தெம்பு இல்லன்னு?"

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறிப் பனித்திட்டுக்குப் போனேன். படகுகள் வந்து ஏலம் முடிந்திருந்தது. மினி லாரி சந்து முனையில் நிற்க, பெண்கள் சுற்றி நின்றார்கள். ஏழுமலை இஸ்திரி போட்ட சட்டையில், தோளில் புதுத் துண்டோடு, சாவி வாங்குவதற்குத் தயாராக வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான், தனக்குச் சாட்சி சொல்ல வந்தவன் என்று நினைத்திருப்பான்.

எல்லாருக்கும் கேட்கட்டும் என்று லாரியின் பின்பக்கம் ஏறி நின்றேன். "அன்னிக்கி நான் சொன்னது தப்பு. தேவகிக்குத் தெம்பு இருக்குது. எனக்குத்தான் புத்தி இல்ல. கோளாறு இருந்தது மெய்யி. அதச் சரியா சொன்னது அவதான். மூணு தடவ சொன்னா, மூணு தடவயும் நான் கேக்கல" என்றேன். கிராஸ் கதையையும் சொன்னேன். கூடைத் தண்ணீர் என்றதும் எல்லார் தலையும் பூங்காவனம்மா பக்கம் திரும்பியது.

"அய்யய்ய, என் கூடையா?" என்றார் அவர். அந்தக் குரல் முதல் தடவையாகச் சின்னதாகக் கேட்டது.

"பாதி உங்க கூடைம்மா. மீதி எங்க வாட்டர் சர்வீஸு."

யாரோ ஒருத்தி களுக்கென்றாள், அவ்வளவுதான், பதினோரு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பூங்காவனம்மாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கிப் பின்னால் என் காலருகில் தடாலென்று வைத்தார். மற்றவர்களும் வைக்க ஆரம்பித்தார்கள். யார் ஓட்டுவது என்று பேசக் கூடிய கூட்டம், அதைப் பேசாமலேயே லோடு ஏற்றிக்கொண்டிருந்தது.

நான் இன்னும் முடிக்கவில்லை. தேவகியிடம் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். "தேவகி, நீ மனசுல ஒண்ணும்…" என்று தொடங்கும்போதே எஞ்சின் உறுமியது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அண்ணே, அப்புறம் பேசிக்கலாம், ஐஸ் கரையுது. எறங்குறியா, மார்க்கெட்டு வரைக்கும் வரியா?"

நான் இறங்கவில்லை. கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். சேர்த்து வைத்த வார்த்தை எல்லாம் மறந்து, மனசு லேசாக இருந்தது.

வண்டியைத் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் வலைக் குவியல், இன்னொரு பக்கம் கரையேற்றிய படகு, நடுவில் கொஞ்சம் மணல். நின்ற இடத்தில் முழுக்க ஒடித்துப் பின்னால் எடுத்தால்தான் முடியும். பின்னால் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. எல்லாப் பெண்களும் ஏறிவிட்டார்கள். கீழே நின்றது ஏழுமலை ஒருவன்தான்.

தேவகி கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான், படகைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பிறகு தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் வந்து நின்று, வண்டி உடம்பில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"வரலாம், வரலாம்… எடம் இருக்குது. ரைட்ல ஒடிச்சி வுடு டிரைவரே!"

தேவகி ஒரே மூச்சில் ஒடித்தாள்.